மத்திகிரிக்கு வந்த பனானா பிளக்

செத்துப்போனால் எப்படி இருக்கும் என்று யாருக்காவது தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் என்னிடம் கேட்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மத்திகிரியில், எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் நான் கொஞ்ச நேரம் செத்துப்போயிருந்தேன். அப்போது நான்காம் வகுப்பு அரைப்பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. செத்ததில் எனக்கிருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

என்னைக் கொன்றது ஒரு ஸ்பீக்கர். அது எங்களுடையதல்ல. எங்கள் வீட்டிலிருந்த பெரிய பாட்டுக்கருவி, கன்னடச் செய்தியையும் தமிழ்ப் பாட்டையும் ஒரே நேரத்தில் பாடக்கூடிய ஒரு பழைய டிரான்சிஸ்டர்தான். ஸ்பீக்கர், மாமாவின் மேனேஜருடையது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்பா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்து ஊன்றிக்கொண்டவர். அவர் பின்னாலேயே ஐடிஐ சர்டிபிகேட்டும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக மாமாவும் வந்து எங்கள் வீட்டில் ஊன்றிக்கொண்டார். எலெக்ட்ரிக் பேனல் செய்கிற ஒரு கம்பெனியில், வயரிங் பிரிவில், டிரெய்னி. பெர்மனென்ட் ஆகவில்லை. அந்த ஒரு வார்த்தையை எங்கள் வீட்டில் சாமி பெயரைச் சொல்கிற குரலில்தான் சொல்வார்கள். ஊரில் ஒரு பெண் வீட்டார் "பெர்மனென்ட் ஆகட்டும், பெறகு பேசுவோம்" என்று சொல்லியிருந்தார்கள். பொங்கலுக்குள் ஆர்டர் வராவிட்டால் மாமா டிரங்குப் பெட்டியோடு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆர்டருக்குப் பெயரைச் சிபாரிசு செய்கிறவர் மேனேஜர்.

அந்த மேனேஜர் ஜெர்மனிக்குப் பயிற்சிக்குப் போனபோது இரண்டு ஸ்பீக்கர்களைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அவற்றின் பின்பக்கம் வெறும் வயரை முறுக்கிச் செருகி வைத்திருந்தாராம். இழைகள் துடைப்பம் மாதிரிப் பிரிந்து ஒன்றோடொன்று உரசி, பாட்டு நடுவில் நின்று நின்று போனது. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப்போகிற நேரம் பார்த்து மாமாவைக் கூப்பிட்டு, "ஸ்பீக்கரை உன் வீட்டுல வச்சிக்கோப்பா. நல்ல கனெக்டரா பார்த்து மாட்டிக் குடு" என்று கேட்டிருக்கிறார். ஆம்ப்ளிஃபயர் மட்டும் அவர் வீட்டு பீரோவிலேயே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்பீக்கர்கள் வேனில் வந்து இறங்கின. என் உயரம், என்னைவிட நல்ல நிறம். அம்மா அரிசி மூட்டையை நகர்த்தி இடம் செய்துகொடுத்தாள். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவற்றை ஒரு சுற்று சுற்றிவந்து, "சாஞ்சா பிள்ளை காலு போயிரும்" என்றார்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இன்னொரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். அங்கே பாதுகாப்புக் கமிட்டியில் உறுப்பினர். விபத்தில்லாமல் வேலை செய்ததற்காக எவர்சில்வர் டிபன் கேரியர் பரிசு வாங்கியவர். அவர்கள் ஷாப்பில் எந்த முனையும் தொங்கக்கூடாது, தரையில் கிடக்கக்கூடாது. காற்றுக் குழாயா, அதற்கென்று ஒரு கொக்கி. வெல்டிங் கேபிளா, அதற்கென்று ஒரு ஆணி. அந்தச் சட்டம் எங்கள் வீட்டிலும் அமலில் இருந்தது. அம்மாவின் கரண்டிக்குக்கூட ஒரு கொக்கி உண்டு. நான் மட்டும்தான் கொக்கி இல்லாமல் அலைந்துகொண்டிருந்தேன்.

மாமா பாயை விரித்து கேபிளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடி மாதிரியான தோலுக்குள் இரண்டு வயர்கள். ஒன்று செம்பு நிறம், இன்னொன்று வெள்ளி நிறம். வயர் முனையில் மாட்டுவதற்கு, கம்பெனியிலிருந்து மாதிரிக்குக் கொண்டுவந்த லக்குகளைப் பல்லாங்குழிக்கு அடுக்குவதுபோல வரிசையாக வைத்தார். வளையம் மாதிரி ஒன்று, கவட்டைக் குச்சி மாதிரி ஒன்று, ஊசி மாதிரி ஒன்று.

"கவட்டைதான் நல்ல புடி. நட்டுக்குக் கீழ சொருகி முறுக்குனா உடும்பு" என்றார்.

"அப்ப அதையே மாட்டிக் குடுத்துட்டு வேலையப் பாரேன்" என்றாள் அம்மா.

"இல்லக்கா. சாரோட வீட்டம்மா தெனமும் இதை நகத்திட்டுத்தான் கூட்டுவாங்களாம். அவங்க ஒவ்வொரு தடவையும் நட்டைக் கழத்திட்டு இருப்பாங்களா? புடுங்குனா வரணும், சொருகுனா போகணும். அதுக்கு பனானா பிளக்குதான்."

"வாழைப்பழமா?"

"அந்த மாதிரி நடுவுல கொஞ்சம் வயிறு இருக்கும்க்கா."

"உங்க அத்தானுக்கு இருக்குற மாதிரியா?"

அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து இருமினார்.

மறுநாள் மாமா என்னையும் கூட்டிக்கொண்டு பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கு பஸ் ஏறினார். அந்தத் தெருவில் ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்கு ஒரு கடை. கடைக்காரர் ஒரு வாக்கியத்தைக் கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பவர். "ஏனு பேக்கு, சொல்லுங்க" என்றார். மாமா சொன்னதும் ஒரு டப்பாவைத் திறந்தார். பிளாஸ்டிக் கைப்பிடி வைத்த சாதா பிளக்குகள். மாமா தயங்கினார்.

"யாருக்கு?" என்று கேட்டார் கடைக்காரர்.

"மேனேஜருக்கு."

"மொதல்லே சொல்லக்கூடாதா!" என்று அந்த டப்பாவை மூடிவிட்டு, கீழேயிருந்து வேறொரு டப்பாவை எடுத்தார்.

அதில் இருந்தவை தங்கம். முலாம் என்று மாமா சொன்னது என் காதில் ஏறவில்லை. பலப்பக்குச்சி கனத்தில் ஒரு முனை, அதன் நடுவில் சின்ன இலைகள் போல வில்தகடுகள் புடைத்திருந்தன. ஓட்டைக்குள் போனதும் அந்தப் புடைப்பு விரிந்து பிடித்துக்கொள்ளுமாம். கைப்பிடியும் உலோகம்தான், சிவப்புக்கு ஒரு கோடு, கறுப்புக்கு ஒரு கோடு. திரும்பி வரும்போது பஸ்ஸில் திருடர்களுக்குப் பயந்து மாமாவின் சட்டைப் பையை என் உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டே வந்தேன்.

"டேய், கைய எடுறா. கண்டக்டர் ஒரு மாதிரியா பாக்குறாரு" என்றார் மாமா.

"அவர்மேலதான் மாமா எனக்குச் சந்தேகமே" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு திருகுகள் இருந்தன. ஒவ்வொரு திருகின் நடுவிலும் பிளக் போகிற ஓட்டை. ஆனால் ஓட்டைகளில் சின்ன பிளாஸ்டிக் மூடிகளை அறைந்து வைத்திருந்தார்கள். மாமா ஊக்கை விட்டு நெம்பி எடுத்தார்.

"இது எதுக்கு மாமா?"

"தூசி போகாம இருக்க. வெள்ளைக்காரனுக்குத் தூசின்னா ஆகாது."

மூடிகளை என்னிடம் விளையாடக் கொடுத்தார். அவை என் மூக்குத் துவாரங்களுக்கு அளவெடுத்துச் செய்தவைபோல இருந்தன. சிவப்பை வலப்பக்கமும் கறுப்பை இடப்பக்கமும் மாட்டிக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா முதுகில் ஒன்று வைத்ததில் இரண்டும் ஒன்றாக வெளியே வந்தன.

மாமா வயரின் தோலைச் சீவி, இழைகளைக் கட்டைவிரலால் முறுக்கி, ஒரு மயிரிழைகூட வெளியே நிற்காமல் பிளக்கின் வாய்க்குள் விட்டு, பக்கவாட்டுத் திருகை இறுக்கினார். நாக்கை உதட்டோரம் துருத்திக்கொண்டு, ஏதோ குழந்தைக்குக் காது குத்துகிற தட்டான் மாதிரிக் கவனம். அப்பா வந்து மேலே நின்றார்.

"இழுத்துப் பாத்தியா மாப்ள?"

"பாத்தேன் அத்தான்."

"நான் ஒரு இழுப்பு இழுக்கட்டுமா?"

"வேண்டாம் அத்தான். இது பிரஸ் மிஷின் இல்ல."

ஒரு ஸ்பீக்கருக்கு முடிந்ததும் சோதனை. கேபிளின் ஒரு முனையிலிருந்த பிளக்குகளை ஸ்பீக்கரில் செருகினார். மறுமுனையிலிருந்த இரண்டையும் டார்ச்லைட் பேட்டரியின் இரண்டு பக்கமும் தொட்டார். முன்பக்கத் துணியைக் கழற்றியிருந்ததால், உள்ளே இருந்த பெரிய கறுப்புத் தட்டு கால் அங்குலம் முன்னால் தள்ளி வந்தது எனக்குத் தெரிந்தது.

டப்.

"முன்னால வந்தா பிளஸ், மைனஸ் கரெக்ட்டு. பின்னால போனா மாத்தி மாட்டிட்டோம்னு அர்த்தம்" என்றார் மாமா.

அர்த்தமெல்லாம் யாருக்கு வேண்டும்? எனக்கு டப்தான் வேண்டும். "இன்னொரு வாட்டி மாமா" என்று கேட்டு ஏழெட்டு டப் வாங்கிவிட்டேன். காதைத் தட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு கேட்டால் யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. கடைசியில் மாமா பேட்டரியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நாளைக்குச் சாரைப் பார்க்கப் போக வேண்டுமே என்று ஷேவிங்குக்காகத் தெருமுனை சலூனுக்குக் கிளம்பினார். பிளக்குகள் அப்படியே கிடந்தன: ஒரு முனை ஸ்பீக்கரில், மறுமுனை தரையில்.

அவர் போனதும் கரண்ட் போனது. மத்திகிரியில் அது ஒரு செய்தியே அல்ல.

அப்பா கொல்லையிலிருந்து உள்ளே வந்தார். தரையில் கிடந்த இரண்டு தங்க முனைகளையும் பார்த்தார். அவர் முகம் மாறியது. பிள்ளை விளையாடுகிற இடம். இரண்டு முனைகள், உலோகம், திறந்தபடி, தரையில். பாதுகாப்புக் கமிட்டி விழித்துக்கொண்டது. குனிந்து எடுத்தார். மாட்ட ஒரு இடம் தேடினார். சுவிட்ச் போர்டில், இஸ்திரிப் பெட்டிக்கு மட்டும் பயன்படுகிற சாக்கெட் ஒன்று சும்மா இருந்தது. அதன் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்தார். மறுபடி தொட்டும் பார்த்தார். பிறகு சிவப்பை ஒரு ஓட்டையிலும் கறுப்பை அடுத்ததிலும் செருகினார். மாமா சொன்னபடியே புடைப்பு கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. அப்பாவுக்கு ரொம்பத் திருப்தி.

"தம்பி, இதைத் தொடக்கூடாது. பத்திரமா மாட்டி வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனார்.

அடுத்தபடியாக அம்மா வந்தாள். சமையலறைப் புழுக்கத்தில் முந்தானையால் விசிறிக்கொண்டே வந்து, சுவிட்ச் போர்டிலிருந்த எல்லாச் சுவிட்சுகளையும் ஒரே வீச்சில் உள்ளங்கையால் கீழே தள்ளிவிட்டுப் போனாள். கரண்ட் வந்தால் உடனே தெரிய வேண்டும் என்பதற்காக எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். சுவிட்சைப் போட்டது தான்தான் என்று அம்மா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. காற்று தள்ளியிருக்கலாம் என்பது அவள் கட்சி.

அறையில் நானும் ஸ்பீக்கரும் மட்டும் இருந்தோம். மாமா பேட்டரியை எடுத்துக்கொண்டு போனாலும் உள்ளே ஓரிரண்டு டப் மிச்சம் இருக்கலாம் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. முட்டி போட்டு, இடது காதைக் கறுப்புத் தட்டோடு ஒட்டி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

கரண்ட் வந்தது.

அந்தச் சத்தத்தை எழுத நம் எழுத்துகள் போதாது. மாமா காலையிலிருந்து கொடுத்ததும், இனி என் ஆயுளுக்கும் கொடுக்கவிருந்ததுமான எல்லா டப்பும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. தட்டு என் காதில் அறைந்தது. சுவிட்ச் போர்டில் நீலமாக ஒரு மின்னல். அரிசி மூட்டைமேல் போய் மல்லாந்து விழுந்தேன். சுழலத் தொடங்கிய மின்விசிறி அரைச் சுற்றில் நின்றது. ஸ்பீக்கரின் வாயிலிருந்து புகை, ஏதோ சுருட்டு பிடிக்கிறவர் யோசித்துக்கொண்டே விடுகிற மாதிரி, நிதானமாக வந்தது.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். அவள் வாய் திறந்து மூடியது. ஒன்றும் வரவில்லை. அப்பா சைக்கிள் பம்போடு வந்தார். அவர் வாயும் அப்படியே. நான் கொஞ்சம் யோசித்தேன். எனக்கு எல்லோரும் தெரிகிறார்கள். அவர்கள் பேசுவது மட்டும் கேட்கவில்லை. ஆகவே நான் செத்துவிட்டேன். கணக்கு சரியாக வந்தது. ஆனால் செத்தால் உடம்பு ஒன்று கீழே கிடக்க வேண்டுமே? அரிசி மூட்டையின்மேல் தேடினேன், பாய்க்கு அடியில் தேடினேன். இல்லை. அதுதான் என்னை நிஜமாகவே கலக்கியது. செத்தது மட்டுமல்லாமல் உடம்பையும் தொலைத்துவிட்டேன். அப்பா கேட்டால் என்ன சொல்வது?

அம்மாவின் கைக்குள் அகப்படாமல் வெளியே ஓடினேன். வாசலில் வீட்டுக்கார அம்மா வடாம் காயப்போட்டிருந்தார். தெலுங்கில் பேசுவார், தமிழில் வாடகை கேட்பார். அவருடைய வடாமைத் தொட்டால் அந்த வரிசையில் குடியிருந்த பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே தண்டனை என்பதால் நாங்கள் யாரும் அந்தப் பக்கம் பார்ப்பதுகூட இல்லை. செத்தவனுக்கு என்ன பயம்? கை நிறைய அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். பச்சை வடாம். மிளகாய் சுர்ரென்று ஏறியது. அவர் என் முதுகில் ஒரு அறை விட்டார்.

வலித்தது.

"நான் உசுரோட இருக்கேன்!" என்று கத்தினேன். மத்திகிரி மாட்டுப் பண்ணை வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் கேட்கவில்லை. அப்போதுதான், செத்தபோது வராத பயம், உயிரோடு இருக்கும்போது வந்தது. உட்கார்ந்து அழுதேன்.

மாமா ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு, கழுத்தில் சலூன் துணி பறக்க ஓடிவந்தார். என்னைத் தாண்டி உள்ளே போனார். நானும் பின்னால் போய்ப் பார்த்தேன். கறுப்புத் தட்டு நடுவில் கிழிந்து, ஒரு பக்கம் பொசுங்கி, தீய்ந்த தோசை மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. மாமா அதன் முன்னால் உட்கார்ந்தார். அவர் உதடு அசைந்ததை நானே படித்துக்கொண்டேன்: "போச்சு. பெர்மனென்ட் போச்சு."

வலது காது மெல்லத் திறந்தது, எங்கள் டிரான்சிஸ்டர் ஸ்டேஷன் பிடிப்பது மாதிரி. இடது காதில் ஒரு கொசு மட்டும் இருந்தது. முதலில் வந்தது அம்மாவின் குரல்.

"எவன்டா சுவிச்சைப் போட்டான்?"

"நான் ஆஃப்புலதான் வச்சேன்" என்றார் அப்பா.

"ஏன் அத்தான் அதுல போய்ச் சொருகுனீங்க?" மாமாவின் குரல் உடைந்திருந்தது.

"கீழ கெடந்துச்சு மாப்ள."

"கெடந்தா கெடக்கட்டுமே அத்தான்!"

"ஓப்பன் எண்டை அப்படிப் போடலாமா? சேஃப்டி இல்லையே..."

சொல்லி முடிக்கும்போதே அப்பாவின் குரல் தேய்ந்தது. வாசலில் வீட்டுக்கார அம்மா, "ஏமிரா இதி! மொத்த லைனுக்கும் பீஸ் போச்சு!" என்று கத்திக்கொண்டிருந்தார். மாமா நுரையைத் துடைக்காமலேயே அழுதார். பெண் வீட்டுக்கு என்ன சொல்வது, ஊருக்கு எந்த முகத்தோடு போவது என்று அம்மாவும் அழுதாள். அப்பா மட்டும் அழவில்லை. சாக்கெட்டில் கறுத்துப்போய் நின்ற பிளக்குகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"அப்பா எத்தன வாட்டி கூப்புடுறாரு, காதுல வுழல?"

அப்பா என் இடப்பக்கம் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் இன்றைக்கு நமக்கு இருக்கிறது என்று முடிவு செய்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டேன்.

சாயங்காலமே மேனேஜர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவானது. நான் மட்டும் போகிறேன் என்றார் மாமா. அப்பா கேட்கவில்லை, நானும் வருகிறேன், தம்பியும் வருவான் என்றார். என்னை எதற்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது. யாரையாவது ஒப்படைக்க வேண்டுமல்லவா? மாமா போனால் கல்யாணம் நிற்கும், அப்பா போனால் சம்பளம் நிற்கும், என்னால் நிற்கப்போவது அரைப்பரீட்சை மட்டும்தான். போலீஸ் ஸ்டேஷனுக்கு மரியாதையாகப் போக வேண்டுமே என்று பள்ளிக்கூடச் சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

மேனேஜர் வீட்டில் பெயிண்ட் வாசனை அடித்தது. அவர் பனியனோடு வந்து, ஆட்டோவிலிருந்து இறக்கிய ஸ்பீக்கரைப் பார்த்தார். கிழிந்த தட்டைப் பார்த்தார். தண்டனையைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று நான் டவுசர் பையிலிருந்த இரண்டு மூடிகளையும் எடுத்து நீட்டினேன்.

"இந்தாங்க சார். இது உங்களுதுதான். எச்சில் இல்ல, மூக்குலதான் வச்சேன்."

அவர் வாங்கிப் பார்த்தார். "இதை எங்கருந்து எடுத்தீங்க?"

"பின்னாடி ஓட்டையில இருந்துச்சு சார். தூசிக்காகன்னு..." என்றார் மாமா.

"தூசிக்கு இல்லப்பா. அந்த ஊர்ல கரண்ட் பிளக்கோட கம்பியும் இந்த ஓட்டையும் ஒரே சைஸு. ஒண்ணை இன்னொண்ணுல மாத்திச் சொருகிடக் கூடாதுன்னு அடைச்சு விக்கிறான். ஸ்பீக்கரோட வந்த புத்தகத்துல போட்டிருந்தான். படிச்சிட்டு நான் சிரிச்சேன். ஸ்பீக்கரை எவன்யா கரண்ட்ல சொருகுவான்னு."

அப்பா ஒரு அடி முன்னால் வந்தார். "நான் சார். நான்தான் சொருகுனேன். இவன்மேல ஒண்ணும் தப்பில்ல. இவனுக்குச் செய்ய வேண்டியத நீங்க செய்யணும்."

அப்பா ஒருவரிடம் அப்படிக் குனிந்து பேசி நான் பார்த்ததில்லை. மேனேஜர் குனிந்து கிழிந்த தட்டைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப பக்கத்துல யாரும் இல்லையே?" என்று கேட்டார்.

நான்தான் சொன்னேன்: "நான் இருந்தேன் சார். காத வச்சிக்கிட்டு இருந்தேன். செத்துட்டேன், அப்புறம் சரியாயிருச்சு."

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் இடப்பக்கமாகப் போனார். அங்கே என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. எதிரில் நின்ற மாமாவின் முகம் வெளுத்தது மட்டும் தெரிந்தது. உடனே மேனேஜர் சட்டையை மாட்டிக்கொண்டு கார் சாவியை எடுத்தார்.

"சார், ஸ்பீக்கரை நான் எப்படியாவது..." என்றார் மாமா.

"வுடுய்யா ஸ்பீக்கரை! பிள்ளையைத் தூக்கு!"

கைதியைக் காரில் கூட்டிப்போகும் மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கார் ஒரு காது டாக்டர் வீட்டு வாசலில் நின்றது. டாக்டர் என் காதுக்குள் விளக்கடித்தார். இரும்புக் கவட்டை ஒன்றைத் தட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டினார். அதுவும் மாமாவின் லக்குகளில் ஒரு வகை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு என்னை மாமாவோடு வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அப்பாவிடம் தனியாகப் பேசினார். வெளியே வந்த அப்பா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்னைத் தன் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கும், இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கும் மாற்றி மாற்றி நடக்கவைத்தார்.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு ஒரு வினோதப் பழக்கம் வந்தது. நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன். பின்னாலிருந்து, இடது தோள் பக்கமாக, ரொம்ப மெல்லிய குரலில் "தம்பி" என்பார். சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. திரும்பினால், "ஒண்ணுமில்ல, எழுது" என்பார். சாப்பிடும்போது, பல் தேய்க்கும்போது, கோலிக்குண்டை நான் குறி பார்க்கும் நேரத்தில்கூட. "தம்பி." "என்னப்பா?" "ஒண்ணுமில்ல." ஒரு ஆள் வேலைவெட்டி இல்லாமல் எத்தனை முறை கூப்பிடுவார்? அப்பாவுக்கு மண்டையில் ஏதோ ஸ்க்ரூ கழன்றுவிட்டது என்று நினைத்தேன். மாமாவிடம் சொல்லி, ஒரு நல்ல லக்காகப் பார்த்து மாட்டச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

மாமாவோ தினமும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டிருந்தார். மேனேஜர் ஆர்டரைப் பற்றி வாயே திறக்கவில்லையாம். ஷாப்பில் எதிர்ப்படும்போதெல்லாம், "பையன் எப்படி இருக்கான்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறாராம். "திட்டிட்டாக்கூட நிம்மதியா இருக்கும்க்கா" என்று அம்மாவிடம் புலம்புவார்.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம், மாமா மைசூர்பாகு பெட்டியோடு தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். ஆர்டர் வந்துவிட்டது. அம்மா அழுதாள், சிரித்தாள், அந்தக் காகிதத்தை சாமி படத்துக்குக் கீழே வைத்து எடுத்தாள். வீட்டுக்கார அம்மா வந்து, "இனிமேல் பீஸ் போகாது கதா?" என்று கேட்டு இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார். மாமா என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றி இறக்கினார். நான் பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து வந்தது: "தம்பி."

நன்றாகவே கேட்டது. ஆனால் மைசூர்பாகு தின்கிறவனைக் கூப்பிட்டு "ஒண்ணுமில்ல" என்று சொல்வதை எத்தனை நாள் பொறுப்பது? இன்றைக்கு ஒரு வேடிக்கை காட்டலாம் என்று திரும்பாமல் இருந்தேன்.

"தம்பி."

மாமாவைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

"தம்பி!"

அப்பா என்னைச் சுற்றிக்கொண்டு எதிரில் வந்து குனிந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை, அன்றைக்கு நீல மின்னல் அடித்தபோதுகூட நான் பார்க்கவில்லை. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏமாந்தீங்களா!" என்று வாயிலிருந்த மைசூர்பாகு தெறிக்கக் கத்தினேன். மாமா சிரித்தார், வீட்டுக்கார அம்மாவும் சிரித்தார்.

அடி விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். விழவில்லை. அப்பா என் பக்கத்தில், இடப்பக்கமாக, தரையிலேயே உட்கார்ந்தார். ஆர்டர் காகிதத்தை அம்மா நீட்டினாள், அவர் வாங்கவில்லை. என் காதருகே வாயைக் கொண்டுவந்து, மூச்சுவிடுகிற மாதிரிக் கேட்டார்:

"கேக்குதா?"

"கேக்குதுப்பா."

"இன்னொரு வாட்டி சொல்லு."

"கேக்குதுப்பா."

"இன்னொரு வாட்டி."

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பாவம், அன்றைக்கு வெடித்ததில் அப்பாவுக்கும் காது போய்விட்டிருக்கிறது. வெளியே சொல்லாமல் இத்தனை நாளும் சமாளித்துக்கொண்டிருக்கிறார். எழுந்து முட்டி போட்டு, அவர் காதைச் சுற்றி இரண்டு கைகளையும் குவித்து, என் பலமெல்லாம் சேர்த்துக் கத்தினேன்:

"கேக்குது!"